இரண்டாவது கியர் என் பொறுப்பு

எங்கள் மாமாவின் வேனில் இரண்டாவது கியரைப் பிடித்துக்கொள்வது என் வேலை. அதை ஒரு பதவி என்றே அப்போது நினைத்திருந்தேன். எழுபதுகளின் தொடக்கம், எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தம்பியான அவர் கவரைப்பேட்டையில் எங்களோடு இருந்துகொண்டு, ஒரு பழைய வேனில் நெல் மூட்டைகளை ரைஸ் மில்லுக்கு ஏற்றிப் போவார். மேடு ஏறும்போது இரண்டாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். அதனால் பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் நான் நடுவில் உட்கார்ந்திருப்பேன். அவர் கியரைப் போட்டதும் இரண்டு கைகளாலும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் வேன் நறநறவென்று பல்லைக் கடிக்கும். ஓடும்போது அடியிலிருந்து ஓயாத ஊளை. நிறுத்திய இடத்திலெல்லாம் ஆயில் சொட்டும். வேன் என்றால் அப்படித்தான் இருக்கும், எல்லா வேனிலும் என்னைப்போல் ஒரு பெண் இருப்பாள் என்று நம்பினேன்.

மாமாவுக்குத் திருவாலங்காட்டில் பெண் பார்த்தார்கள். அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய், பெண்ணின் போட்டோவைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். பெண்ணின் அப்பா பஸ் டிரைவர். மாப்பிள்ளை வீடு பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அன்று விடிந்ததும் மாமா மரவாடியிலிருந்து ஒரு பை மரத்தூள் கொண்டுவந்தார். வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு, ஆயிலில் குழைத்து அதை கியர் பாக்ஸுக்குள் திணித்தார். வேன் எதற்கு மரத்தூள் தின்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஓட்டிப் பார்த்தால் ஊளையைக் காணோம். அதுவும் விளங்கவில்லை.

"பாப்பா, இன்னிக்கி நீ வண்டில ஏறாத. பேஜாரு பண்ணாம ஊட்லயே குந்து" என்றார் மாமா. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் இல்லாமல் கியரை யார் பிடிப்பார்கள்?

பெண்ணின் அப்பா வந்தார். நாஷ்டா சாப்பிட்டார். எல்லாரிடமும் சிரித்துப் பேசினார். கிளம்பும்போது, வேனிலேயே பஸ் ஸ்டாப்பில் விட்டுவிடுவதாக மாமா சொன்னார். அதற்கு ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். கேட்டுக்கு முன்னால் நல்ல மேடு. ஓடிப்போய் இருவருக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். விருந்தாளிக்கு முன்னால் மாமாவால் என்னை இறக்கிவிட முடியவில்லை.

"வண்டில சத்தமே இல்லியே மாப்ள" என்றார் பெண்ணின் அப்பா. மாமாவுக்கு வாயெல்லாம் பல். மேடு வந்தது. அவர் இரண்டாவது கியர் போட்டதும் வழக்கம்போல் நான் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாம்மா பண்றே?"

"நான் புட்ச்சிக்கினு இல்லன்னா கியரு கயண்டுக்கும் தாத்தா."

"சொம்மா வெளையாடுது" என்றார் மாமா.

"அப்ப கைய எடும்மா."

மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. யார் பேச்சைக் கேட்பதென்று தெரியாமல் கையை எடுத்துவிட்டேன். டக்கென்று கியர் கழன்றது. வேன் பின்னால் உருண்டது. மாமா பிரேக்கை ஓங்கி மிதித்தார்.

பெண்ணின் அப்பா கோபப்படவில்லை. என் வலது கையை வாங்கி விரித்துப் பார்த்தார். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. கைரேகை பார்க்கிறார் என்று நினைத்து, அடுத்த கையையும் பெருமையாக நீட்டினேன்.

"ஸ்கூலுக்குப் போறியாம்மா?" என்று மட்டும் கேட்டார். பிறகு இறங்கி, மிச்ச தூரத்தை நடந்தே போனார்.

அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. வீட்டில் எல்லாரும் கியர் பாக்ஸைத் திட்டினார்கள். நான் என்னையே திட்டிக்கொண்டேன். கையை எடுக்காமல் இருந்திருந்தால் மாமாவுக்குக் கல்யாணம் ஆகியிருக்குமே என்று பல நாள் அழுதேன். மாமா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, எவ்வளவு கெஞ்சியும் என்னை வேனில் ஏற்றவே இல்லை. அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை என்று நினைத்துக்கொண்டேன்.