மஞ்சள் மேல் சிவப்புக் கோடு

அஞ்சுகம் அக்காவின் கையில் அழுக்கு இருந்ததில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இருந்தது என்று ஒருவர் இருபது பெண்களுக்கு முன்னால் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

கோட்டுச்சேரியில் எங்கள் பொடிக் கம்பெனியின் பேக்கிங் பகுதியைப் பதினோரு வருடம் அவர்தான் பார்த்துக்கொண்டார். விழிதியூர்க்காரர், எட்டாவது வரை படித்தவர். காலையில் வந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவி, தன் நகத்தைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் நகத்தைப் பார்ப்பார். "என்னாடி இது, மருதாணியா சேறா?" என்று கேட்டால் அந்தப் பெண் திரும்பவும் குழாயடிக்குப் போகவேண்டும். ஒட்டிய பாக்கெட்டைக் கன்னத்தோடு வைத்து அமுக்குவார். காற்றுக் கசிந்தால் கன்னம் சொல்லிவிடுமாம்.

நான் காரைக்கால் கல்லூரியில் கணினி படித்துவிட்டு அதே கம்பெனி ஆபீஸில் லேபிள் வடிவமைப்பவன். போன தை மாதம், நகரத்துப் பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்று எங்கள் இட்லிப் பொடியை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. பார்கோடு வேண்டும் என்பது மட்டுமே அவர்கள் நிபந்தனை. மஞ்சள் லேபிளில் கறுப்புக் கோடுகளை வைத்து முதலாளியிடம் காட்டினேன்.

"தை பொறந்து மொத மொத வெளிய போற பாக்கெட்டு. அதுல கறுப்பாடா வைப்ப?" என்றார் அவர். "குங்குமக் கலரு போடு. மஞ்சள்ல குங்குமம், பாக்கவே மங்களகரமா இருக்கும்."

போட்டேன். ஒரு சொடுக்கு வேலைதான்.

நாலே நாளில் சரக்கு திரும்பி வந்தது. கடை ஸ்கேனர் எங்கள் பாக்கெட் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. முதலாளி ஒரு பாக்கெட்டை எடுத்துத் தன் போனைக் காட்டினார். போன் உடனே படித்தது. "லேபிள் சரியாத்தானே இருக்கு!" என்று பேக்கிங் பகுதிக்குள் நுழைந்தார்.

"அஞ்சுகம்! எண்ணெக் கையோட ஒட்டுனா எந்த மிஷின்தான் படிக்கும்? அழுக்குக் கையி. வெள்ளிக்கெழமைக்குள்ள சரியாவலன்னா நீ வேற எடம் பாத்துக்க."

அக்கா தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்தார். இரண்டு நாள் ஒவ்வொரு லேபிளையும் துணியால் துடைத்தார்கள். துடைத்து அனுப்பிய சரக்கும் திரும்பி வந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் அக்கா என்னிடம் வந்தார். "தம்பி, வண்டிய எடுங்க. அந்த மிஷினு என்னா பண்ணுதுன்னு நானே பாக்குறேன்."

கடையில் கூட்டமில்லை. பில் போடும் பெண் ஷிஃபா, திருமலைராயன்பட்டினத்துக்காரி. பாக்கெட்டைப் பார்த்ததும் முகம் சுளித்தாள். "நீங்கதானா அக்கா அது? ஒங்க பொடியால நான் வாங்கின ஏச்சு கொஞ்சமில்ல. ஒவ்வொண்ணுக்கும் நம்பர அடிச்சு அடிச்சு விரலு தேஞ்சு போச்சு."

"பொடிய தின்னுப் பாத்தியாம்மா?"

"அது நல்லாத்தான் இருக்கு."

"அப்ப ஒரு கை குடு. ஒரு தடவை எனக்காக அடிச்சுக் காட்டு."

ஷிஃபா ஸ்கேனரை நீட்டினாள். சிவப்பு வெளிச்சம் லேபிள் மேல் விழுந்தது. சத்தமே இல்லை. ஒரு சோப்பை எடுத்து நீட்டினாள். உடனே 'பீப்' என்றது. அக்கா குனிந்து, வெளிச்சம் விழும் இடத்தையே பார்த்தார். திரும்பத் திரும்ப அடிக்கச் சொன்னார். பிறகு, "செவப்புக் கண்ணாடித்தாளு இருக்கா இங்க?" என்று கேட்டார்.

கல்யாணச் சீர்த்தட்டுகளைச் சுற்றுவதற்கு வைத்திருந்த தாளில் ஒரு துண்டு கிடைத்தது. கல்யாணச் சீசனில் அக்கா தட்டுச் சுற்றித் தரப் போவதுண்டு. சிவப்புத் தாளுக்கு அடியில் ரோஜாப்பூ இருப்பதே தெரியாது, அதனால் ரோஜா வைத்த தட்டுக்கு வெள்ளைக் கண்ணாடித்தாள்தான் போடுவார். அந்தச் சிவப்புத் தாளை இப்போது எங்கள் லேபிள் மேல் விரித்தார். கோடுகளைக் காணோம். வெறும் பட்டையாக இருந்தது. சோப்பின் மேல் விரித்தார். கறுப்புக் கோடுகள் அப்படியே நின்றன.

"மிஷினுக்குச் செவப்புக் கண்ணு," என்றார். "செவப்பு எப்பிடித் தெரியும் அதுக்கு? போனு வெறுங்கண்ணால பாக்குது, படிக்குது." பிறகு தன் கையைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எல்லாப் பெண்களும் சுற்றி நிற்க, முதலாளி முன்னால் அக்கா அந்தத் தாளை விரித்துக் காட்டினார். முதலாளி இரண்டு முறை தூக்கிப் பார்த்தார். புரிந்துவிட்டது. முகம் கடுத்தது.

"செவப்புப் போடச் சொன்னது யாரு? மாறா, நானா சொன்னேன்?" என்று என் பக்கம் திரும்பினார்.

அக்கா என்னைப் பார்த்தார். இருபது பெண்களும் என்னைப் பார்த்தார்கள். 'ஆமாம் சார், நீங்கதான்' என்றால் போதும். நான் அந்தப் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"யாரு சொன்னா என்னாங்க," என்றார் அக்கா. "அத விடுங்க. என் கையில அழுக்கு இல்லேன்னு மட்டும் இவளுங்க முன்னாடி சொல்லிடுங்க மொதலாளி."

"அப்ப மொத பாக்கெட்டுல கறுப்பப் போடச் சொல்றியா? வெளங்குமா?"

"ஏன் வெளங்காது? வாராவாரம் தலைக்கு டை அடிக்கிறீங்களே, அது என்ன குங்குமக் கலருங்களா?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்கு மட்டும் என் வாய் திறந்தது.

"நாளைலேந்து வராத," என்றார் முதலாளி.

பத்தே நாளில் கறுப்புக் கோட்டோடு புது லேபிள் வந்தது. எல்லாம் ஸ்கேன் ஆயிற்று. கண்டுபிடித்தவர் யார் என்று யாரும் பேசவில்லை. அக்கா பட்டினத்துப் பக்கம் ஒரு மீன் கம்பெனியில் ஐஸில் கைவைத்து இறால் உரித்தார். கை வெடித்திருந்தது என்று கேள்விப்பட்டேன். நேரில் போய்ப் பார்க்கவில்லை. போகாததற்கு வேலை, மழை என்று சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசியில் காய்ச்சல். ஆறு நாளில் போய்விட்டார்.

துக்க வீட்டுக்கு முதலாளி பெரிய ரோஜா மாலையோடு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து அக்காவின் கணவர் செல்லையனிடம் சொன்னார்: "அந்தம்மா கை மாதிரி சுத்தமான கை எங்க கம்பெனிக்கு அப்புறம் வரவே இல்ல."

"சார், இத பேக்கிங்ல வந்து சொல்லுங்க," என்றேன்.

"எழவு வீட்ல என்னடா பேச்சு இது?" என்று எழுந்து போய்விட்டார். அந்தக் கையைச் சுடுகாட்டுக்கு அனுப்பும் நாளில்தான் அது சுத்தமாகத் தெரிந்திருக்கிறது அவருக்கு.

திங்கட்கிழமை நானே பேக்கிங் பகுதிக்குப் போய் நின்றேன். கறுப்பில்தான் முதலில் வைத்தேன், முதலாளி சொல்லித்தான் சிவப்பாக்கினேன், அக்கா கையில் ஒன்றுமில்லை என்று சத்தமாகச் சொன்னேன்.

சந்திரலேகா, அக்கா இடத்தில் இப்போது இருப்பவர், லேபிள் ஒட்டும் கையை நிறுத்தவில்லை.

"அது எங்களுக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. அக்காதான் போன் பண்ணுறப்ப எல்லாம் கேக்கும், 'அந்தப் புள்ள வாயத் தொறந்துச்சாடி'ன்னு. ஆடி வரைக்கும் கேட்டுச்சு. அப்பறம் கேக்குறத வுட்டுருச்சு."

அடுத்த பாக்கெட்டை எடுத்துக் கன்னத்தோடு வைத்து அமுக்கினார்.