ஆரிப் எழுதிய ஒரே விருப்பம்

இதை எழுதுகிறவன் முஹம்மது ஆரிப்பை முதலில் பார்த்தது கல்லூரி கேண்டீனில். விழுப்புரத்துப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எம்பிஏ சேர வந்து, முதல் பட்டதாரிச் சான்றிதழைக் கேட்காதவர்களுக்கும் காட்டிக்கொண்டிருந்த காலம் அது. எதிரே வந்து உட்கார்ந்த ஆரிப் சான்றிதழை மரியாதையாகப் படித்து முடித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "பங்கு, உன்கிட்ட மட்டும் சொல்றேன்" என்று ஆரம்பித்தான். எந்த புரொபசர் அட்டெண்டன்ஸில் கறார், எந்த வடை நேற்றையது என்பதெல்லாம் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் வரும். வகுப்பில் இருந்த இருபத்தெட்டுப் பேருக்கும் அவன் தனித்தனியாக 'உன்கிட்ட மட்டும்' சொல்லியிருந்தது பிற்பாடுதான் தெரிந்தது.

முதல் வருடம் முடிந்ததும் இரண்டு மாத இன்டர்ன்ஷிப். மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த ஐந்து நிறுவனங்களை வரிசைப்படி படிவத்தில் எழுத வேண்டும். நிறுவனங்களும் நேர்காணல் வைத்து, தங்களுக்குப் பிடித்த மாணவர்களை வரிசைப்படுத்தித் தரும். இரண்டையும் கம்ப்யூட்டரில் போட்டால் அது ஜோடி சேர்த்துவிடும். கல்யாணத் தரகர் வேலைதான், ஜாதகம் மட்டும் கிடையாது.

ஆரிப்புக்குக் கடற்கரைப் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் மேல் கண். அங்கே இருந்தது ஒரே ஓர் இடம். அது கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அவனுடைய அத்தா அப்துல் முத்தலிப் முத்தியால்பேட்டையில் பை, சூட்கேஸ் கடை வைத்திருந்தார். ஜிப் மாற்றுவது, சக்கரம் பொருத்துவது, கைப்பிடி தைப்பது எல்லாம் அங்கே நடக்கும். கடைக்கு மேலேயே வீடு. "லீவுல எங்கயாச்சும் வேலை கெடச்சா போ. இல்லன்னா கடையில வந்து உக்காரு" என்று அத்தா சொல்லிவிட்டார். அந்தக் கடையில் உட்கார்ந்தவர்கள் எழுந்த சரித்திரம் கிடையாது. அண்ணனுக்குக் காய்ச்சல் விடும்வரை என்று உட்கார்ந்த சிறிய தகப்பனார் பதினெட்டு வருடமாக அங்கேதான் ஜிப் மாற்றிக்கொண்டிருக்கிறார். காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டுவிட்டது.

ஆகவே ஆரிப் போட்டியைக் குறைக்கக் கிளம்பினான். நெல்லித்தோப்பிலிருந்து வரும் ஜாஸ்லினை லைப்ரரி வாசலில் பிடித்தான்.

"உன்கிட்ட மட்டும் சொல்றேன். ஹோட்டல எழுதாத. எல்லாரும் அதத்தான் எழுதுவாங்க. தேங்காய்த்திட்டு ஐஸ் கம்பெனிய மொதல்ல போடு. மீன் நாத்தத்துக்கு ஒருத்தனும் வரமாட்டான். உனக்கு ஷூர்."

"எனக்கு ஹோட்டல்தான் புடிச்சிருக்கு."

"புடிச்சத எழுதுற எடமா இது?"

"மேலயே விருப்பப் படிவம்னுதான ஆரிப் போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டாள்.

தன் படிவத்தில் அவன் முதல் கட்டத்தில் ஹோட்டல் பெயரை எழுதி, மற்ற நான்கையும் காலியாக விட்டான். இன்டர்ன்ஷிப் பொறுப்பாளர் சுமலதா மேடம் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"மீதி நாலு?"

"வேற பேரு இருந்தாதான மேடம் அங்க தள்ளிவிடும். ஒண்ணே ஒண்ணு இருந்தா கம்ப்யூட்டருக்கு வேற வழி இல்ல."

"அது கம்ப்யூட்டர்ப்பா. நீ சாப்பிடாம படுத்தா பயப்படறதுக்கு உங்கம்மா இல்ல."

அவன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். ஐஸ் கம்பெனியைப் பத்தொன்பது பேர் முதல் விருப்பமாக எழுதியிருந்தார்கள். இடம் இரண்டு. அதில் ஒன்று இதை எழுதுகிறவனுக்கு. முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஐஸ் நடுவிலும் நனையாமல் இருந்தது. மற்றவர்கள் ஐந்து பெயர் எழுதியிருந்ததால் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ ஒதுங்கிக்கொண்டார்கள். ஹோட்டல் தன் வரிசையில் ஜாஸ்லினை ஆரிப்புக்கு மேலே வைத்திருந்தது. இடம் அவளுக்குப் போனது. ஆரிப்பின் பெயருக்கு எதிரே ஒரு கோடு. கூட்டத்தில் யாரோ அவன் தோளில் கை போட்டு, "பங்கு, உன்கிட்ட மட்டும் சொல்றேன், உனக்கு எடம் இல்ல" என்றான். வராண்டா முழுக்கச் சிரித்தது.

திங்களுக்குள் ஏதாவது ஒரு நிறுவனத்தின் லெட்டர்பேடில் அங்குள்ள வழிகாட்டி ஒருவரின் கையெழுத்தோடு வந்தால் உண்டு, இல்லையென்றால் அடுத்த வருடம்தான் என்றார் மேடம். சனிக்கிழமை முழுக்க ஸ்கூட்டியில் சுற்றியும் ஆள் எடுப்பார் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை அவன் வீட்டிலிருந்து பதினாறு படிகள் இறங்கி, அத்தாவின் மேஜை முன்னால் நின்றான்.

"அப்ளிகேஷன் எழுதிக் குடு" என்றார் அத்தா.

"அத்தா, நான் உங்க புள்ள."

"அதான் எழுத்துல கேக்குறேன். வெளியாளா இருந்தா வாய்ப்பேச்சுல நம்பிருவேன்."

லெட்டர்பேடு அச்சடித்துக் கையெழுத்தும் போட்டார். ஆனால் எம்பிஏ படிக்கிறவன் சக்கரம் பொருத்தினேன் என்று புராஜெக்ட் எழுத முடியாது. முதல் வாரம் யோசித்தான். இரண்டாம் வாரம் எழுந்து ஹோட்டலுக்கே போனான். ஜாஸ்லின் வரவேற்பு மேஜையில் இருந்தாள்.

"கெஸ்ட்டுங்க பெட்டி ஒடஞ்சா என்ன பண்றீங்க?"

"இன்னா பண்றது, சாரி சொல்றோம். பின்னாடி ரூம்ல நாலு கெடக்கு."

காலையில் எடுத்துப் போன நாலும் சாயங்காலம் உருண்டு திரும்பி வந்தன. மறுநாள் பக்கத்து ஹோட்டலிலிருந்து போன் வந்தது.

"எப்படியோ ஹோட்டலுக்கு வந்துட்ட போல" என்றாள் ஜாஸ்லின்.

"பின்வாசல்தான். ஆனா தெனம் வரேன்."

புராஜெக்ட்டுக்கு மேடம் நல்ல மதிப்பெண் கொடுத்தார். நேரம் தவறாமைக்கு மட்டும் வழிகாட்டி பத்துக்கு மூன்று போட்டிருந்தார். ஏன் என்று மேடம் போனில் கேட்டதற்கு அத்தா, "பதினாறு படிக்கட்டு மேடம். அதுக்கே லேட்டு" என்றார்.

அடுத்த வருடம் கேம்பஸ் நேர்காணலில் ஆரிப்புக்குச் சென்னையில் ஒரு வேலை கிடைத்தது. அவன் போகவில்லை. காரணம் கேட்டால், ஒன்பது பெட்டி பாக்கி இருக்கிறது, முடித்துவிட்டுப் போகிறேன் என்றான். சிறிய தகப்பனார் தலையை நிமிர்த்தி அவனை ஒரு தடவை பார்த்துவிட்டு ஜிப்புக்குத் திரும்பினார்.

இப்போது முஹம்மது ஆரிப் முத்தியால்பேட்டைக் கடையில் இருக்கிறான். ஏழு ஹோட்டல்களின் பெட்டிகள் அவனிடம் வருகின்றன. கடை ஒன்பது மணிக்குத் திறக்கிறது. அவன் ஒன்பதே காலுக்கு இறங்கி வருகிறான்.