ஓரத்தில் தெரிந்த ஆரஞ்சு நிறம்

இரண்டு வருடங்களுக்கு முன், கலிஃபோர்னியாவில் சான்டா கிளாராவுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. மாமியார் இறந்த பிறகு திருச்சியில் தனியாக இருந்த என் மாமனார், என் மனைவி கெஞ்சிக் கூத்தாடி அழைத்ததால், ஆறு மாதம் தங்குவதாக ஒப்புக்கொண்டு வந்திருந்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். நான் ஹாலுக்கு வந்தால் உடனே டி.வி. சத்தத்தைக் குறைத்துவிடுவார். வேண்டாம் மாமா என்றால் கேட்கமாட்டார். மாப்பிள்ளைக்கு அவர் வைத்திருந்த மரியாதை அப்படி.

காலையில் அவர் தவறாமல் வாக்கிங் போவார். பெரிய சிக்னலைத் தாண்டினால் ஒரு பூங்கா. அவரைப் போலவே பிள்ளைகளைப் பார்க்க வந்திருந்த நாலைந்து தமிழ்ப் பெரியவர்கள் அங்கே பெஞ்சில் கூடுவார்கள். அந்த அரட்டை ஒன்றுக்காகத்தான் அவர் அமெரிக்காவைப் பொறுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். குளிர் ஆரம்பித்ததும், பனியில் விளையாடப் போவதற்காக வாங்கி வைத்திருந்த என் பளீர் ஆரஞ்சு ஜாக்கெட்டை அவருக்குக் கொடுத்தேன். "இதைப் போட்டுக்குங்க மாமா. கார் ஓட்டறவங்களுக்கு ஒரு மைல் தள்ளியே தெரியும்" என்று பெருமையாகச் சொன்னேன். அவரும் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டார்.

நவம்பரில் ஒரு நாள் திடீரென்று வாக்கிங் போவதை நிறுத்திவிட்டார். கேட்டால் முழங்கால் வலி என்றார். டாக்டரிடம் போகலாம் என்றால் அதுவும் வேண்டாம். நாள் முழுக்க சோபாவில் உட்கார்ந்து சீரியல் பார்த்தார். போதாக்குறைக்கு, டிக்கெட்டை மாற்றிக்கொடுங்கள், பொங்கலுக்கே ஊருக்குப் போய்விடுகிறேன் என்று ஆரம்பித்தார். என் மனைவி இடிந்துபோனாள். காலி வீட்டில் அப்பா தனியாகப் பொங்கல் வைக்கப் போகிறாரா என்று அழுதாள். "நீங்க எதாவது சொன்னீங்களா?" என்று என்னைக் குடைந்தாள். எனக்குக் கோபம் வந்தது. தாங்கு தாங்கு என்று தாங்கியும் இந்த மனிதருக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லையே என்று மனதுக்குள் திட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் தபாலில் எனக்கு அபராதம் வந்தது. கலிஃபோர்னியாவில் சிவப்பு விளக்கு எரிந்தாலும், காரை முழுவதுமாக நிறுத்திப் பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பலாம். நான் நிறுத்தாமல் திரும்பியதாக அந்தப் பெரிய சிக்னலில் இருக்கும் கேமரா படம் பிடித்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. நின்றுதான் திரும்பினேன் என்று சத்தியமாக நம்பினேன். ஆபீஸில் லஞ்ச் சாப்பிடும்போது சொன்னதும் ஆளாளுக்கு உசுப்பேற்றினார்கள். கோர்ட்டுக்குப் போ, போலீஸ்காரர் சாட்சி சொல்ல வரவே மாட்டார், கேஸ் தள்ளுபடி என்றார்கள். என்ஜினீயர்கள் நாலு பேர் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? நோட்டீஸில் இருந்த இணைப்பில் வீடியோவும் இருந்தது. அதை மொபைலில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் முன் சக்கரத்தை மட்டும் பெரிதாக்கி, அது ஒரு நொடி நின்றதா இல்லையா என்று கோடு போட்டு, படம் படமாக அச்சடித்துக்கொண்டேன்.

இதையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்திருந்தபோது மாமனார் தயங்கித் தயங்கி வந்து நின்றார். "விட்டுடுங்க மாப்பிள்ளை. கட்டிட்டுப் போயிடலாம். வேணும்னா நான் தர்றேன்" என்றார். "தப்பே பண்ணாம எதுக்குக் கட்டணும் மாமா?" என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன். பயந்த மனிதர், அரசாங்க உத்தியோகம் பார்த்தவர் வேறு எப்படி இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் உள்ளே போய்விட்டார்.

விசாரணை பொங்கலுக்கு முந்தைய வாரம். போலீஸ்காரர் வந்திருந்தார். அப்போதும் நான் அசரவில்லை. நீதிபதி ஒரு வயதான அம்மா. சுவரில் இருந்த பெரிய திரையில் வீடியோவை ஓடவிடச் சொன்னார்.

என் கார் வந்தது. நிற்கவில்லை. மெதுவாக உருண்டது, அவ்வளவுதான். அன்று காலை காரிலேயே ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் கார் ஏதும் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வலப்பக்கம் திருப்பியிருக்கிறேன். அந்த வலப்பக்க மூலையில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ இருந்தது. மொபைலில் பார்த்தபோதே அது கண்ணில் பட்டிருந்தது. ரோட்டு வேலைக்காக வைக்கிற கூம்பு என்று நினைத்து, சக்கரத்தைப் பெரிதாக்கிக்கொண்டேன். அத்தோடு அது திரைக்கு வெளியே போய்விட்டது.

கூம்பு ரோட்டில் கால் வைத்தது. அவருக்கு நடக்கலாம் என்று விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் கார் அவர் மேலேயே வந்தது. கையை முன்னால் நீட்டியபடி பின்னால் துள்ளி, நடைபாதையில் கால் இடறி, புல்லில் பொத்தென்று உட்கார்ந்தார் என் மாமனார். நான் போய்விட்டேன். அவர் மெதுவாக எழுந்து, என் கார் போன திசையைப் பார்த்து, வாசலில் நின்று வழியனுப்புகிறவரைப் போலக் கையை உயர்த்தினார். வீடியோ முடிந்தது.

நீதிபதி என்னைப் பார்த்தார். "நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார். தப்பு என்னுடையதுதான் என்றேன். அந்தப் பெரியவர் அடிபடாமல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார் என்று நம்புவோம் என்று நீதிபதி மெல்லச் சொன்னார். அவர் என் வீட்டுக்குத்தான் வந்தார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அச்சடித்த படங்களை என்ன செய்வதென்று தெரியாமல் சுருட்டிக் கையிலேயே வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வேலைக்குப் போயிருந்தாள். மாமனார் என்னைக் கண்டதும் வழக்கம்போல டி.வி. சத்தத்தைக் குறைத்தார். என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏன் மாமா என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா என்ன ஆகப்போகுது மாப்பிள்ளை? உங்களுக்கும் சங்கடம். அவ காதுல விழுந்தா உங்களைச் சும்மா விடுவாளா?"

கையை எதற்குத் தூக்கினீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க கண்ணாடியில பாத்துட்டுப் பதறிடப் போறீங்களேன்னுதான். ஒண்ணும் ஆகலை, போங்கன்னு காட்டினேன்."

நான் கண்ணாடியில் பார்க்கவே இல்லை. அதை அவரிடம் சொன்னேன். அதற்கும் அவர் சிரிக்கத்தான் முயன்றார். முழங்காலில் வலியே இல்லையாம். சிக்னலில் போய் நின்றாலே கால் நடுங்குகிறதாம். வீட்டிலேயே அடைந்து கிடப்பதற்கு ஊருக்குப் போனால் தேவலை என்று தோன்றியதாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பதறிப்போய், "அவகிட்ட சொல்லிடாதீங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை நானே அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் வந்தார். நடக்கலாம் என்று விளக்கு வந்தும் அவர் நகரவில்லை. என் எதிரில் சாய்ந்துகூட உட்கார்ந்திராத அந்த மனிதர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தெருவைத் தாண்டும்வரை பிடி தளரவே இல்லை. தங்கிவிடுங்கள் மாமா என்று எவ்வளவோ கெஞ்சினேன். இன்னொரு தடவை பார்க்கலாம் என்றார். பொங்கலுக்கு ஊரில் இருந்தார், தனியாக. அதன் பிறகு எத்தனையோ முறை கூப்பிட்டும் வரவில்லை.

அபராதத்தைக் கட்டினேன், கோர்ட் சொன்ன போக்குவரத்து வகுப்பும் முடித்தேன். அதெல்லாம் பெரிய விஷயமில்லை. விமான நிலையத்தில் என் மனைவி தன் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "எங்கப்பாவுக்கு நம்ம வீடு பிடிக்கலை" என்று இன்றைக்கும் அவள் சொல்கிறாள். அவர் கேட்டுக்கொண்டதால்தான் சொல்லவில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். உண்மையில் அது எனக்கு வசதியாக இருந்தது.

பெயர் போடாமல்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அவள் இந்தப் பத்திரிகையில் இந்தப் பகுதியை விடாமல் படிப்பவள். ஆரஞ்சு ஜாக்கெட் என்ற இடத்துக்கு வந்ததுமே இது யார் எழுதியது என்று தெரிந்துகொள்வாள். கட்டிய மனைவியிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு பத்திரிகை தேவைப்படுகிறது என்பதே வெட்கம்தான். அவள் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும். ஆனால் அதற்கு முன், திருச்சிக்கு ஒரு போன் போட்டு அப்பாவிடம் பேசிவிடட்டும்.