ஆடு மேய்ந்த புளிச்சைச் செடிகள்

புளிச்சை இலையில் ஓர் உப்புக் கல்லை மடித்து வாயில் போட்டுக் கடித்தால் முதலில் பல் கூசும், பிறகு இடது கண் தானாக மூடிக்கொள்ளும், அதற்கப்புறம்தான் அந்தப் புளிப்பு ருசிக்கத் தொடங்கும். ஆறாம் வகுப்பு படித்த ஆண்டில் பள்ளி விட்டு வந்ததும் என் தீனி அதுதான். அந்த இலைக்காக அப்பாவையே எதிர்த்து நின்றேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

உத்திரமேரூரின் ஓரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குப் பின்னால், கிணற்றடி ஈரத்தை ஒட்டி ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. ஆடியில் பெய்த முதல் மழைக்கு அங்கே சிவப்புத் தண்டுப் புளிச்சை விதைகளை ஊன்றினேன். செம்பருத்திக்கு நெருங்கிய சொந்தமான அந்தச் செடி, கடலைக் கொல்லை வரப்புகளில் ஆள் உயரத்துக்கு நிற்பதைப் பார்த்திருந்தேன். "நைனா" என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவோ, புதிதாக வாங்கிய டிராக்டருக்கு அதே இடத்தில் கொட்டகை போட நினைத்திருந்தார். நான் அழுது அடம்பிடித்ததில் ஒரு கெடு வைத்தார்.

"தீபாவளிக்குள்ள என் இடுப்பு ஒசரம் வந்துச்சுன்னா செடி இருக்கட்டும். வரலன்னா கொட்டாய்தான்."

பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூட வீணாக்காமல் ஊற்றி வளர்த்தேன். புரட்டாசியில் அவர் இடுப்புக்கு நான்கு விரல்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு ஜமீலா அக்கா பக்ரீத்துக்காக வளர்த்துவந்த கிடா முள்வேலியில் புகுந்து வந்து, முப்பது செடிகளின் தலையையும் மொட்டையடித்துவிட்டது. ஆட்டு எச்சில் சூடு, அது வாய் வைத்த செடி மறுபடி தழையாது என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் நம்பிக்கை. அம்மா ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் முதல் வரிசையை வேரோடு பிடுங்கிப் போட்டாள். ஓடிவந்த ஜமீலா அக்காவும் அதையேதான் சொன்னார்.

"ஆட்டு வாய் பட்டுச்சும்மா, இனிமே தழையாது. நா வேற வெதை வாங்கித் தரேன்."

வேறு விதை போட்டால் தீபாவளிக்குள் முழங்காலைக்கூடத் தொடாது. நான் மிச்ச வரிசைகளுக்கு நடுவில் சேற்றிலேயே உட்கார்ந்துகொண்டு யாரையும் கிட்டே விடவில்லை. ஜமீலா அக்காவோடு பத்து நாள் பேச்சில்லை. அவர் கொடுத்தனுப்பிய சேமியா பாயசத்தையும் திருப்பி அனுப்பினேன். அவ்வளவு கோபம்! வெறும் தண்டுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

பதினோராம் நாள் கணுவுக்குக் கணு துளிர் எட்டிப் பார்த்தது. ஒற்றைத் தண்டாய்ப் போன செடி நான்காய், ஐந்தாய்க் கிளைத்தது. கிள்ளக் கிள்ளத் தழைத்து, ஐப்பசியில் இரண்டு வீட்டுக்கும் தினமும் கீரை. எங்கள் வீட்டில் கடைசல், அவர்கள் வீட்டில் கறியோடு.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நைனா அளக்க வந்தார். செடி அவர் இடுப்புக்கு ஒரு சாண் குறைவு. உள்ளே நுழையப் பார்த்தவரின் புது வேட்டியைக் கிளைகள் பிடித்துக்கொண்டன. நின்று சுற்றிலும் பார்த்தார்.

"ஒசரம் வரல. ஆனா கால் வைக்க எடமில்லாம இல்ல கீது? இதப் புடுங்கினா உங்கம்மா என்னைய வூட்டுக்குள்ள வுட மாட்டா."

டிராக்டர் முன்பக்கப் புங்க மரத்தடிக்குப் போனது. நான் பாவாடை நிறையக் கீரையோடு ஜமீலா அக்கா வீட்டுக்கு ஓடி, கிடாவுக்கு முதல் பிடியை ஊட்டிவிட்டு வந்தேன். பக்ரீத்துக்கு அந்தக் கிடாவின் கறி எங்கள் வீட்டுக்கும் வந்தது. பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றிச் சிவந்து பருத்த புல்லி இதழ்களைப் புளிக்குப் பதிலாகப் போட்டு அம்மா குழம்பு வைத்தாள். இரண்டு முறை கேட்டு வாங்கித் தின்றேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது அந்தக் கிணறும் இல்லை, முள்வேலி இருந்த இடத்தில் ஆளுயரச் சுவர். ஜமீலா அக்கா மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். என் வாடகை வீட்டு மொட்டைமாடியில் பத்துத் தொட்டிகளில் புளிச்சை நிற்கிறது. போன ஆடியில், முழங்கால் உயரம் வந்த முதல் செடியின் தலையை நான் நகத்தால் கிள்ளியதைப் பார்த்த என் மகள் அழுது, பத்து நாள் என்னோடு பேசவில்லை. பதினோராம் நாள் மாடிக்குப் போய்விட்டு வந்தவள், மிச்ச ஒன்பதையும் தானே கிள்ளுவதாகச் சொல்லி என்னை அங்கே வர வேண்டாம் என்றுவிட்டாள்.