மூன்று சின்ன நாடுகளுக்கு ஒரு படை: மார்க்கம், விட்பி வழியாகப் போன சனிக்கிழமை

ரொறன்ரோவுக்கு வெளியே, மார்க்கத்தில் இருந்து விட்பிக்கு ஹைவே 401 பக்கம் போகாமல், ஏழாம் இலக்கப் பாதையால் போகும் வழியைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். அந்த வழி எனக்கு எப்படிப் பழக்கம் என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். 1995 நவம்பர் நடுவில், ஒரு சனிக்கிழமை, அதில் முதன்முதலாகக் கார் ஓட்டினேன். கனடாவுக்கு வந்து நாலு வருடம், லைசென்ஸ் எடுத்து ஐந்து மாதம். ஊர் பார்க்கும் ஆசையில் வெளிக்கிடவில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை, அதுதான் காரணம்.

இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் வீட்டை விட்டு வெளிக்கிட்டு, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்து இரண்டு கிழமை ஆகியிருந்தது. அந்தச் சனத்துக்குள் என் அண்ணை, அண்ணி, அவர்களின் இரண்டு பிள்ளைகள். ஒரு செய்தியும் இல்லை. ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், வோபர்னில் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்டில் நானும் என் கணவர் குகனும் முறை வைத்து ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தோம். குளிக்கப் போகும்போது கூட ஒருவர் மற்றவரிடம் சொல்லிவிட்டுத்தான் போவோம்.

நான் வேலை செய்த மார்க்கம் தொழிற்சாலையில் ஹைனோ என்று ஒரு ஃபிற்றர் இருந்தார். எஸ்தோனியர், அறுபது வயது தாண்டியவர். எங்கள் ஊர் நிலை அவருக்குத் தெரியும். வலது கண்ணில் ஒப்பரேஷன் செய்து, கார் ஓட்டக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை என் மேசைக்கு வந்து, அடுத்த நாள் தன்னை ஒரு கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று கேட்டார். வழியில் விட்பியில் ஒருவரை ஏற்ற வேண்டும். நான் யோசிக்காமல் ஓம் என்றேன்.

என்ன கூட்டம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா மூன்றும் சோவியத் ஒன்றியத்தில் இருந்து பிரிந்து நாலு வருடம். கடைசி ரஷ்யப் படைகள் வெளியேறி ஒரு வருடம் சொச்சம். அமெரிக்காவும் அதன் கூட்டணியும் இவர்களைச் சேர்க்குமா, எப்போது சேர்க்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் மூன்று நாடுகளும் தங்களுக்குள் சேர்ந்து ஒரு கூட்டுப் படைப்பிரிவை உருவாக்கத் தொடங்கியிருந்தன. ரொறன்ரோவில் இருக்கும் மூன்று நாட்டு ஆட்களும் சேர்ந்து அதற்கு மருந்துப் பொருட்களும், பயிற்சி கொடுக்கத் தெரிந்த சிலரையும் அனுப்புவதா இல்லையா என்று கை உயர்த்தி முடிவெடுக்கும் கூட்டம் அது.

காலை எட்டு நாற்பதுக்கு நான் சப்பாத்துப் போடும்போது குகன் வாசலில் வந்து நின்றார்.

"உந்த ஸ்னோவுக்குள்ளை நீர் எங்கை போறீர்? கோல் வந்தா?"

"நீங்கள் நிக்கிறீங்கள்தானே. இண்டைக்கும் உந்த ரெலிபோனைப் பாத்துக்கொண்டிருந்தா எனக்கு விசர் பிடிச்சிடும்."

அவர் மறிக்கவில்லை. என் கையில் சில்லறையாக நாலைந்து இருபத்தைந்து சதங்களைத் தந்தார். "நிக்கிற இடத்திலையெல்லாம் எடும்" என்றார்.

மார்க்கம் ரோட்டால் நேரே வடக்கே பதினைந்து கிலோமீற்றர், இருபத்தைந்து நிமிடம். ஈரப்பனி கண்ணாடியில் விழுந்து உடனே தண்ணீராகியது. ஹைனோ கண்ணில் வெள்ளைத் துணியும் கையில் விரித்த வரைபடமுமாகத் தெரு ஓரத்தில் நின்றார். அங்கிருந்து ஏழாம் பாதையில் கிழக்கே விட்பிக்கு முப்பத்தைந்து கிலோமீற்றர், எங்களுக்கு ஐம்பது நிமிடம் பிடித்தது. கிறீன் றிவர் என்ற சின்ன ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் வெட்டி முடிந்த சோளக்காடு. அங்கே ஒரு பெற்றோல் நிலையத்தில் நிறுத்திப் பத்து டொலருக்கு அடித்துவிட்டு, பேஃபோனில் வீட்டுக்கு எடுத்தேன். தூர அழைப்புக் கணக்கில் சில்லறை முழுவதையும் விழுங்கிவிட்டது.

"ஒண்டுமில்லை," என்றார் குகன். "ஆறுதலா ஓடும்."

விட்பியில் புதிதாகக் கட்டிய ஒரே மாதிரியான வீடுகளுக்கிடையில் இருபது நிமிடம் சுற்றினோம். ஏறியவரின் பெயர் வெல்ற்றா. லத்வியர், ஓய்வுபெற்ற நேர்ஸ். ஹைனோவும் அவரும் முப்பது வருடத்துக்கு முன் டவுன்ரவுனில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள். அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் முடியவில்லை என்பது அவர் கதவைச் சாத்த முதலே விளங்கியது. ஹைனோ கூட்டத்தில் எதிர்த்துப் பேசப் போகிறார். வெல்ற்றா தானே போய்ப் பயிற்சி கொடுக்கப் பெயர் கொடுத்திருக்கிறார்.

அவர்கள் பேசியது இங்கிலிஷ். என் காதில் அது எங்கள் பேச்சாகத்தான் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன்.

"விளையாட்டுப் படை," என்றார் ஹைனோ. "டாங்கி வந்தா எத்தினை மணித்தியாலம் நிப்பாங்கள்?"

"நாலு மணித்தியாலம் எண்டு வை. ஆனா மூண்டு பேரும் சேந்து நிண்ட நாலு மணித்தியாலம்."

"நாங்களே பாத்துக்கொள்ளுவம் எண்டு காட்டினா, சரி, நீங்களே பாத்துக்கொள்ளுங்கோ எண்டு அமெரிக்கன் போயிடுவான். அவனை எழுத்திலை பிடிக்கோணும். அதுக்கு முதல் உது ஒண்டும் வேண்டாம்."

"உன்ரை அப்பா ரஷ்யனுக்கு ஒளிச்சுக் காட்டுக்குள்ளை இருந்து அமெரிக்கன் வருவான் எண்டு எத்தினை வருசம் பாத்தவர்?"

ஹைனோ வரைபடத்தை மடித்தார். திரும்பி ரொறன்ரோவுக்குப் போக ஏறிய ஹைவே 401-இல் லொறிகள் சேற்றுத் தண்ணீரை அள்ளி எறிந்தன. நான் இரண்டு கையாலும் ஸ்ரியரிங்கை இறுக்கிக்கொண்டு, அண்ணை பிள்ளைகளை எதில் ஏற்றியிருப்பார், சைக்கிள் இருந்ததா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பின் சீற்றில் இருந்து வெல்ற்றா என்னிடம் சொல்வது போல் தொடர்ந்தார்.

"முப்பத்தொன்பதிலை எங்களைத் தனித்தனியாத்தான் மொஸ்கோவுக்குக் கூப்பிட்டவங்கள். முதல் இவன்ரை ஆக்கள், பிறகு நாங்கள், பிறகு லித்துவேனியன். ரெண்டு கிழமைக்குள்ளை மூண்டு பேரும் கையெழுத்து வைச்சு, அவங்கட படையை உள்ளுக்கு விட்டாச்சு. பக்கத்து வீட்டிலை என்ன நடக்குது எண்டு தெரிஞ்சுகொண்டே அவனவன் தன்ரை முறை வரும் வரைக்கும் பேசாமல் இருந்தவன்."

விட்பியில் இருந்து ரொறன்ரோவின் டான்ஃபோர்த் பக்கம் ஐம்பது கிலோமீற்றர், ஒரு மணி நேரம். கூட்டம் ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில். பக்கத்துத் தெருவில் பார்க்கிங் இலவசம். வாசலில் இருந்த பேஃபோனில் போட எனக்கு ஹைனோ சில்லறை தந்தார். "ஒண்டுமில்லை" என்றார் குகன். போனை வைத்த கையோடு திரும்ப எடுக்க வேண்டும் போல இருந்தது.

பின் வரிசையில் இருந்து சத்தமில்லாமல் பார்த்துவிட்டு வருவதுதான் என் எண்ணம். எண்பது பேர் அளவில் இருந்தார்கள். ஒரு மணிக்குத் தொடங்கியது. வெல்ற்றா சுருக்கமாகப் பேசினார். ஹைனோ நீளமாகப் பேசினார், காரில் சொன்ன அதே நியாயங்கள், குரல் மட்டும் உயர்ந்துகொண்டே போனது. முடிவில் கையை நீட்டி என்னைக் காட்டினார்.

"அங்கை இருக்கிற பெண்ணின்ரை சனம் இண்டைக்கு ரோட்டிலை நிக்குது. கேளுங்கோ அவளை. ஒரு பெரிய நாடு பின்னாலை நிண்டிருந்தா இப்பிடி நடந்திருக்குமோ?"

எல்லாத் தலைகளும் திரும்பின. எனக்கு முகம் சுட்டது. என் சம்மதம் கேட்காமல் என் துக்கத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டாரே என்ற கோபம். எழும்பாமல் இருந்திருக்கலாம். கால்கள் எழும்பிவிட்டன.

என் இங்கிலிஷ் அப்போது நல்லாயில்லை. எங்களுக்கும் ஒரு பெரிய நாடு வந்தது என்றேன். தூரத்து நாடு இல்லை, பக்கத்து நாடு. மாலை போட்டு வரவேற்றோம். மூன்று மாதத்தில் அவர்களுக்கும் எங்களுக்கும் சண்டை, பிறகு அவர்கள் போய்விட்டார்கள். அதோடு இருந்திருக்கலாம். காரில் வெல்ற்றா சொன்ன அந்தப் பக்கத்து வீட்டுக் கதை எனக்குள் கிடந்து குடைந்தது. அதையும் சொன்னேன்.

ஐந்து வருடத்துக்கு முன், இதே போல ஒரு ஒக்ரோபர் முடிவில், ஆயுதம் வைத்திருந்த எங்கள் இயக்கத்தார் யாழ்ப்பாணத்தில் இருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். ஜெனீரா என்னோடு தையல் வகுப்புக்கு வந்தவள், ஒரே வயது, என்னைவிட நன்றாகத் தைப்பாள். கையில் ஒரு துணிப்பையோடு எங்கள் வீட்டைக் கடந்து போனாள். நான் கேற்றுக்கு உள்ளே நின்றேன். எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் வெளியே வரவில்லை. எங்களுக்குப் பயம், அது உண்மை. சின்ன ஆட்கள் எல்லாரும் சேர்ந்து கேற்றைத் திறந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. திறக்கவில்லை என்பது தெரியும். இப்போது எங்கள் முறை. எங்களுக்காக யார் வரவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை என்று சொல்லிவிட்டு இருந்தேன்.

இதை அதற்கு முன் குகனுக்குக் கூட நான் சொன்னதில்லை. ஒருவரும் கை தட்டவில்லை, அதற்கு இன்றும் நன்றி. கொஞ்ச நேரம் கழித்துக் கையை உயர்த்தச் சொன்னார்கள். அனுப்புவது என்று பெரும்பான்மை. ஹைனோ ஆதரித்தும் உயர்த்தவில்லை, எதிர்த்தும் உயர்த்தவில்லை.

வெல்ற்றாவைக் கூட்டிப்போக மகன் வருவதாக இருந்ததால், நாலு மணிக்கு நானும் ஹைனோவும் மட்டும் வெளிக்கிட்டோம். மார்க்கம் முப்பது கிலோமீற்றர். பாதி வழியில் அவர் கண்ணில் கட்டிய துணியைச் சரிப்படுத்தினார்.

"நான் உங்களைக் கேக்காமல் இழுத்தது பிழை," என்றார்.

"ஓம், பிழைதான்," என்றேன்.

"நான் சொன்னது பிழையில்லை. பெரியவன் இல்லாமல் எங்களாலை ஏலாது." பிறகு, வெளியே பார்த்தபடி, "தனியப் பெரியவனை மட்டும் பாத்துக்கொண்டிருந்தும் ஏலாது போல" என்றார்.

ஐந்து ஐம்பதுக்கு வீட்டுக் கதவைத் திறந்தேன். அன்றைய ஓட்டம் மொத்தம் நூற்று நாற்பத்தைந்து கிலோமீற்றர். குகன் கதவடியிலேயே நின்றார்.

"சாவகச்சேரியிலை ஒரு பள்ளிக்கூடத்திலை இருக்கினமாம். நாலு பேரும். கொழும்பிலை இருந்து ஒராள் எடுத்தவர்."

சப்பாத்தைக் கழற்றாமல் நிலத்தில் இருந்து அழுதேன். அழுது முடிந்ததும் ஜெனீராவுக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். மண்டபத்தில் எழுபது எண்பது அந்நியர்களுக்குச் சொன்னதை அவளுக்குத்தானே சொல்லியிருக்க வேண்டும். விலாசம் தேடிப் பிடிக்க மூன்று கிழமை எடுத்தது. புத்தளத்துப் பக்கம் ஒரு முகாமில் இருந்தாள்.

அடுத்த வருடம் வெல்ற்றா இரண்டு மாதம் போய்க் காயத்துக்குக் கட்டுப் போடப் பழக்கிவிட்டு வந்தார். எயார்போட்டுக்குக் கூட்டிப்போனது ஹைனோ, கண் சுகமாகிவிட்டது. பல வருடம் கழித்து அந்த மூன்று நாடுகளையும் பெரிய கூட்டணி சேர்த்துக்கொண்டபோது, தான் சொன்னதுதான் சரி என்று இரண்டு பேரும் எனக்குத் தனித்தனியாகப் போன் பண்ணினார்கள். நான் இருவருக்கும் ஓம் என்றேன். இரண்டிலும் உண்மை இருந்தது. சேர்ந்து நின்றவர்களைச் சேர்த்துக்கொள்வது பெரியவனுக்கும் சுலபம்.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு: ஏழாம் பாதை நவம்பரில் காலை வேளையில் வழுக்கும், பழக்கமில்லாதவர்கள் பத்து மணிக்குப் பிறகு வெளிக்கிடுங்கள். இப்போது பாதி வழிக்கு மேல் ஹைவே 407 இருக்கிறது, விரைவு, ஆனால் கட்டணம். விட்பியின் புதுக் குடியிருப்புகளுக்குள் போக முன் வீட்டு இலக்கத்தோடு குறுக்குத்தெருவின் பெயரையும் கேட்டு வைத்திருங்கள். கார் இல்லாதவர்கள் விட்பிக்கு ரயிலில் போகலாம். டான்ஃபோர்த் பக்கம் போவதென்றால் சப்வேயே போதும், பார்க்கிங் இப்போது இலவசம் இல்லை. யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். அந்தத் தூரத்தில் இரண்டு பேர் சண்டை பிடித்தால் நித்திரை வராது.

ஜெனீராவின் பதில் மாசி மாதம் வந்தது. கொப்பித்தாளில் ஒரு பக்கம்.

"நீ கேற்றடியிலை நிண்டதை நான் கண்டனான். கையாவது காட்டியிருக்கலாம். அஞ்சு வருசமா உன்னிலை எனக்குக் கோவம், இப்பவும் முழுக்கப் போகேல்லை. உன்ரை அண்ணையாக்கள் இப்ப எங்கை? சின்னப் பிள்ளையளோடை அலைய வேண்டாம் எண்டு சொல்லு. புத்தளம் வந்து சேர ஏலுமெண்டால் எங்கடை கொட்டிலிலை ஒரு பக்கம் மறைச்சு விடலாம். வாப்பாவிட்டையும் கேட்டனான், ஓம் எண்டவர்."