கொசுவுக்கும் எங்களுக்கும் ஒரே கட்டுரை

“நீ இங்கிலீஷ்ல கட்டுரை எழுதி குமாஸ்தா ஆகப் போறியாக்கும்? உங்கம்மாகிட்டச் சொல்லு, நல்ல வீடா ரெண்டு பாத்து வெப்பா.”

நான் டியூஷனில் சேர்ந்த அன்றே சார் இப்படிச் சொன்னார். தில்லி கரோல் பாகில் அவர் குடியிருந்த அதே கட்டடத்தில்தான் அம்மா பாத்திரம் தேய்த்தாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

சார் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வெற்றிலை எச்சிலை டால்டா டப்பாவில் துப்பிக்கொண்டே, குமாஸ்தா தேர்வுக்குப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கட்டுரை சொல்லிக்கொடுத்தார். முன்னுரை, காரணம், விளைவு, தீர்வு, முடிவுரை. அந்தச் சட்டகம் நல்ல சட்டகம்தான். ஆனால் அதற்குள் அடைக்க அவரிடம் இருந்தது ஒரே ஒரு கட்டுரை. அதை நெட்டுருப் போட்டுக்கொண்டு, தேர்வில் எந்தப் பிரச்சினை வந்தாலும் பெயரை மட்டும் மாற்றி எழுத வேண்டும்.

ஒரு வாரம் கொசுத் தொல்லை. அடுத்த வாரம் தலைநகரின் குடிசைகள். டெரிலின் சட்டை போட்ட ஒருவன் எழுந்து ஆங்கிலத்தில் ஒப்பித்தான்: “இவை அழுக்கில் பெருகுகின்றன. நோயைப் பரப்புகின்றன. இவற்றை அடியோடு ஒழிக்க வேண்டும்.” ஒரு சொல்கூட மாறவில்லை. மற்றவர்கள் கூடவே முணுமுணுத்தார்கள். முனிர்காவுக்குப் பின்னால், அப்பா சித்தாள் வேலை பார்த்த கட்டடங்களின் ஓரமாகத்தான் எங்கள் குடிசை இருந்தது.

“சார், கொசுவுக்கும் இதே பத்தியைத்தானே எழுதினோம்?”

“ஆமா. அதான் சௌகரியம்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் கேலிகூடச் செய்யவில்லை. உண்மையாகவே சௌகரியத்தைத்தான் சொன்னார். அதுதான் அந்த எச்சில் டப்பாவைவிட அருவருப்பாக இருந்தது.

மறுநாள் நானே ஒன்று எழுதிக் காட்டினேன். அதே ஐந்து பகுதிகள். காரணம் என்ற இடத்தில், கட்டடம் கட்டக் கூப்பிட்டவர்கள் தங்க இடம் தரவில்லை என்று எழுதியிருந்தேன். தீர்வும் அங்கிருந்தே வந்தது.

சார் பாதியில் நிறுத்தினார். “உன் வீட்டுக் கதையை யாரு கேட்டா? திருத்தறவன் அச்சா, சரின்னு தலையாட்டணும். இதை எழுதினே, கட்டுரை மார்க் போச்சு. கட்டுரை போனா வேலை போச்சு. அப்புறம் உங்கம்மாவோட பக்கெட்டைத் தூக்கிண்டு வர வேண்டியதுதான்.”

அவர் சொன்னது பொய்யல்ல என்பதுதான் எரிச்சல். திருத்துகிறவரும் இதே கட்டுரையை ஒப்பித்து வேலைக்கு வந்தவராக இருக்கலாம்.

தேர்வில் வந்த தலைப்பு, பெருநகரங்களின் பிரச்சினைகள். கேள்வித்தாளைத் திருப்பியதுமே என்னைச் சுற்றிப் பேனாக்கள் ஓட ஆரம்பித்தன. என்ன எழுதுகிறார்கள் என்று எட்டிப் பார்க்கத் தேவையே இல்லை. எனக்கும் அது தலைகீழாகப் பாடம். அதையே எழுதியிருந்தால் பாதி நேரத்தில் எழுந்து வந்திருக்கலாம்.

முன்னுரையை எழுதினேன். காரணம் என்ற பகுதியில் அப்பாவின் வேலையையும், தங்க இடம் தராததையும் எழுதினேன். கடைசி வரிவரை ஒழுங்காக முடித்து, தாள்களை நூலால் கட்டி மேற்பார்வையாளர் கையில் கொடுத்துவிட்டேன்.