முன்கதவு பட்டதாரிகளுக்கு மட்டும்

என் அக்காவை அந்தப் பல்கலைக்கழகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மாணவர்கள் முதல் பேராசிரியர்கள் வரை எல்லோருக்கும் அவள் கதவக்கா. பட்டமளிப்பு மண்டபம் அவள் பொறுப்பு. நாற்காலி, விளக்கு, ஒலிபெருக்கி, சாவிக்கொத்து எல்லாம் அவள் கையில். வளாக வாசலில் ஜெராக்ஸ் கடை போட்டிருக்கும் எனக்கும் அதனால் ஒரு லாபம் உண்டு. கதவக்காவின் தங்கை என்று தெரிந்தால் யாரும் என்னோடு வம்புக்கு வரமாட்டார்கள்.

மண்டபத்தின் முன்பக்கம் பெரிய இரட்டைக் கதவு. ஆண்டுக்கு ஒரு நாள், பட்டம் வாங்குகிறவர்களுக்கு மட்டும் அது திறக்கும். பேராசிரியர், விருந்தினர், பெற்றோர் யாராக இருந்தாலும் பக்கவாட்டு வழிதான். படிக்கிற காலத்தில் அந்த வாசற்படியைத் தாண்டினால் தேர்வில் மண்ணைக் கவ்வ வேண்டியதுதான் என்று மாணவர்கள் இன்றும் நம்புகிறார்கள். இது எப்படி வந்தது என்பதும் வளாகத்தில் எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை. முதல் பட்டமளிப்பு அன்று மழையில் கதவு ஊதி இறுகிக்கொண்டது. தச்சர் இழைத்துக்கொண்டே இருக்க, பெரியவர்கள் பொறுமையிழந்து பக்கவாட்டில் உள்ளே போய்விட்டார்கள். கதவு திறந்தபோது வெளியே மிஞ்சியிருந்தது மாணவர்கள் மட்டும். அடுத்த ஆண்டு மாணவர்கள் அதையே உரிமையாகக் கேட்டார்கள். அவ்வளவுதான், பாரம்பரியம் பிறந்துவிட்டது.

அக்கா பள்ளிப் படிப்போடு நின்றவள். வருஷா வருஷம் உள்ளே நின்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அங்கி போட்ட பிள்ளைகள் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்தாள்.

"எனக்குப் பொறாமையா இருக்குடி. நானும் அந்தக் கதவு வழியாப் போகணும்" என்றாள் ஒரு நாள்.

மாலை வகுப்பில் வணிகவியல் சேர்ந்தாள். சமையலை அத்தான் எடுத்துக்கொண்டார். உப்பைப் பற்றி நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. புள்ளியியல் தாள் மட்டும் அவளுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே இருந்தது. அத்தனை காலமும் அந்த வாசற்படியை அவள் தாண்டியதே இல்லை. கதவின் உள்பக்கத்தைத் துடைத்துவிட்டு, மண்டபத்தைச் சுற்றி வந்து வெளிப்பக்கத்தைத் துடைப்பாள். எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்பாக வரும். ஒருவழியாக இந்த ஆண்டு தேறினாள்.

அப்போது பார்த்துப் புதிதாக வந்த பதிவாளர் ஓர் உத்தரவு போட்டார். இனி முன்கதவு சிறப்பு விருந்தினருக்கு, மாணவர்கள் பக்கவாட்டில் வரட்டும். அக்கா நேராக அவர் அறைக்குப் போனாள். கொடுக்க வேண்டிய நகல்களைச் சாக்காக வைத்து நானும் ஒட்டிக்கொண்டேன்.

"மரம் ஊதிப்போனதுக்குப் பேரு பாரம்பரியமாம்மா?" என்றார் பதிவாளர்.

"எல்லாம் எங்கயோ இப்படித்தான் சார் ஆரம்பிச்சிருக்கும். நீங்க போடுற அங்கி யாரோ குளிருக்குப் போட்டது. இந்தப் புழுக்கத்துல நீங்க ஏன் போடுறீங்க?"

"விருந்தாளி என்ன நெனைப்பாரு?"

"துணைவேந்தரே பக்கவாட்டுலதான் வர்றாரு. அவருக்குக் கொறையாத கௌரவம் இவருக்கு மட்டும் கொறைஞ்சிடுமா? பிள்ளைங்களுக்கு இந்த ஒரு நாள்தான் சார்."

பதிவாளர் பேனாவை மூடினார், திறந்தார், பிறகு சிரித்துவிட்டார்.

"சரிம்மா, பழையபடியே இருக்கட்டும். அன்னைக்குக் கதவு சிக்காமப் பாத்துக்குங்க."

"அன்னைக்கு நான் லீவு சார்."

"அன்னைக்கா?"

"நானும் வரிசையில நிக்கணும்."

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு எழுந்து நின்று கை கொடுத்தார். அக்கா நிமிர்ந்து நின்று கை குலுக்கினாள், நான்தான் நகல்களைக் கொடுக்க மறந்து கையோடு திரும்பிவிட்டேன்.

கதவைத் திறக்கும் வேலைக்கு அலுவலகத்தில் யாரையும் அவள் நம்பவில்லை. அனுமதி வாங்கி என்னை நிறுத்தினாள். பட்டமளிப்பு அன்று வாத்தியம் ஒலித்ததும் நான் உள்ளிருந்து தாழை நீக்கினேன். வலது கதவு சமர்த்தாகத் திறந்தது. இடது கதவு அசைவேனா என்றது. இழுத்தேன், உதைத்தேன், வேர்த்துக் கொட்டியது. வெளியே அங்கியில் வரிசை நின்றது. மாலை வகுப்புக்காரர்கள்தான் முதலில், அவர்களில் மூத்தவள் என்று அக்காவை முன்னால் நிறுத்தியிருந்தார்கள். மண்டபம் மொத்தமும் திரும்பி எங்களைப் பார்த்தது.

"அக்கா, ஒரு ஆள் போக இடம் இருக்கு, வந்துடு" என்று கெஞ்சினேன்.

அவள் வாசற்படிக்கு வெளியே அப்படியே நின்றாள்.

"தோளைக் குடுத்துத் தூக்குடி. இத்தனை வருஷமா எல்லாருக்கும் முழுசாத் தொறந்து விட்டிருக்கேன். எனக்கு மட்டும் என்ன பாதி?"

தோளைக் கொடுத்துத் தூக்கினேன். கதவு முனகிக்கொண்டே திறந்தது. அது சுவரைத் தொடும்வரை காத்திருந்து, பிறகு அக்கா நடுவாசலில் நடந்து உள்ளே வந்தாள்.